உம்மு ஹானி டீச்சரும் பெஸ்கி என்ற சொல்லும்

துபாய்க்கு வந்த இரண்டாவது மாதம் உம்மு ஹானியின் வீட்டுச் சமையலறைக் குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. கணவர் செய்கு முகம்மது தேரா கடைத்தெருவில் இருக்கும் தங்கள் கடைக்குப் போயிருந்தார். மகள் ஆமிரா பள்ளிக்கூடத்தில். குடியிருந்தது இன்டர்நேஷனல் சிட்டியில். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் டிராகன் மார்ட், சீனாக்காரர்கள் வரிசை வரிசையாகக் கடை போட்டிருக்கும் நீளமான அங்காடி. உடைந்த குழாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிப் போனார்.

முதலில் கண்ணில் பட்ட குளியலறைச் சாமான் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதுக்கு மேலே வெட்டிய முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. உடைந்த குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணிடம் சீனத்தில் சொன்னார்:

"போன வருஷத்திலேர்ந்து விக்காம கிடக்குதே, அதை எடுத்துக் குடு. இவங்களுக்கு என்ன தெரியப்போகுது."

உம்மு ஹானி சீனத்திலேயே பதில் சொன்னார்.

"அது வேண்டாம் அக்கா. மேல் தட்டுல இருக்கே, அதை எடுங்க. வாஷர் ரெண்டு சேர்த்துப் போடுங்க."

விற்பனைப் பெண் ஏணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். கடைக்காரம்மாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். காகிதக் கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அவர்தான் லின் மேய்.

உம்மு ஹானிக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். செய்கு முகம்மதுக்கு அப்போது சீனாவில், குவாங்சோவில் ஏற்றுமதி ஆபீஸ். சென்னைக்கும் கொழும்புக்கும் பைகள், பெட்டிகள் வாங்கி அனுப்புகிற வேலை. ஒன்பது வருஷம் அந்த ஊரில் இருந்தார்கள். உம்மு ஹானியிடம் சீனம் கற்றுக்கொண்டதைப் பற்றிக் கேட்டால், "கத்தரிக்காயில ஆரம்பிச்சது" என்பார். காய்கறிச் சந்தையில் விலை கேட்டு, பேரம் பேசி, பிறகு மகள் போன பாலர் பள்ளியின் வாசலில் மற்ற அம்மாக்களோடு நின்று, அப்புறம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துகளையும் பழகி, வந்து சேர்ந்த மொழி அது. தொற்று நோய்க் காலத்தில் ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை. ஆபீஸை மூடிவிட்டு, தேராவில் பை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணனோடு செய்கு முகம்மது சேர்ந்துகொண்டார். அப்படித்தான் துபாய்.

குழாய் வாங்கப் போன அன்றைக்கே லின் மேய் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஆங்கிலமும் தெரியுமா? எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா? பதினாலு வருஷமா இங்க இருக்கேன். விலை சொல்லத் தெரியும், 'நோ பிராப்ளம்' சொல்லத் தெரியும். அவ்வளவுதான்."

விளையாட்டாகத் தொடங்கியது. லின் மேய் கடைக்கு நேர் எதிரே விளக்குக் கடை வைத்திருந்த திங் என்பவர் தன் கடையின் பின்பகுதியைக் கொடுத்தார். திங்குக்கு ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி அகராதி இருக்கும். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் மதியம் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை, வாடிக்கையாளர் குறைவாக வரும் நேரத்தில் வகுப்பு. தலைக்கு மேலே கண்ணாடி மணிகள் தொங்கும் சரவிளக்குகள், அதற்குக் கீழே ஒரு மடக்கு மேஜை, ஒரு வெள்ளைப் பலகை. முதலில் இரண்டு பேர். பிறகு ஐந்து பேர். எல்லோரும் உம்மு ஹானியை லாவ்ஷீ என்று கூப்பிட்டார்கள். டீச்சர் என்று அர்த்தம். குவாங்சோவில் மகளின் டீச்சரை அப்படிக் கூப்பிட்டுப் பழகியவர், தன்னை அப்படிக் கூப்பிட்டபோது முதல் வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்க மறந்தார்.

சென்ற வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. லின் மேய் வகுப்புக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லை. ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் நாற்பது புதுக் குழாய்கள், பெட்டி பிரிக்காமல்.

"என்ன லின் அக்கா இது?"

"ஹோட்டலுக்குக் கொண்டுபோறேன், லாவ்ஷீ. எல்லா ரூமிலயும் மாத்திக் குடுத்துடறேன். அந்த மேனேஜர் என்னை வெறுக்கிறார்."

பர் துபாயில் ஒரு சின்ன ஹோட்டல். அதன் பராமரிப்பு மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். நாற்பது குளியலறைக்கு லின் மேயிடம்தான் குழாய் வாங்கியிருந்தார். முந்தின நாள் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. லின் மேய் போனை நீட்டினார். உம்மு ஹானி வாசித்தார். இரண்டே வரி. 214-ஆம் அறையில் அந்த 'பெஸ்கி ட்ரிப்' மறுபடியும் வந்துவிட்டது, முடிந்தால் இந்த வாரம் ஆள் அனுப்புங்கள், நன்றி. கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

"ட்ரிப்னா சொட்டுறது, எனக்குத் தெரியும்" என்றார் லின் மேய். "பெஸ்கியை மொபைல்ல போட்டுப் பார்த்தேன். தாவ்யென்னு வந்துச்சு."

தாவ்யென் என்றால் சீனத்தில் அருவருப்பு, வெறுப்பு, பார்க்கவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போகும் சொல். பதினாலு வருஷம் சம்பாதித்த பெயர் ஒரு சொட்டுத் தண்ணீரில் போய்விட்டது என்று அவர் இரவெல்லாம் புரண்டிருக்கிறார்.

உம்மு ஹானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அவர் உங்க மேல கோபமாவே இல்லை. வண்டியை ஓரமா விடுங்க. உட்காருங்க. இன்னைக்குப் பாடம் இதுதான்."

பலகையில் பெஸ்கி என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு, எப்படித் தொடங்குவது என்று நின்றார். தமிழில் யோசித்துப் பார்த்தார். தொந்தரவு என்றால் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஊரில் உம்மா சொல்கிற முஸீபத்து ரொம்பப் பெரியது. அதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். நச்சரிப்பு கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அவர்களுக்குத் தமிழ் எதற்கு?

"உங்ககிட்ட மாஃபன்னு ஒரு வார்த்தை இருக்கு" என்று சீனத்தில் ஆரம்பித்தார். "கஸ்டம்ஸ்ல பேப்பர் நின்னுபோனா மாஃபன். விசா புதுப்பிக்கிறது மாஃபன். ஒருத்தர்கிட்ட உதவி கேக்கும்போதும் 'மாஃபன் நீ', உங்களுக்குச் சிரமம் குடுக்கிறேன்னு சொல்றீங்க. எல்லாச் சிரமத்துக்கும் ஒரே பை. ஆங்கிலத்துல அதைத் தனித்தனிப் பையில போட்டு வச்சிருக்காங்க. பெஸ்கி ரொம்பச் சின்னப் பை."

"எவ்வளவு சின்னது?" என்றார் திங். அகராதியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஈ அளவு."

ஒருவர் சிரித்தார்.

"நெஜமாத்தான். சாப்பிடும்போது ஒரு ஈ வருது. விரட்டுறீங்க, போகுது. மறுபடி வருது. அது உங்களைக் கொல்லாது. ஆனா நிம்மதியாச் சாப்பிடவும் விடாது. அந்த ஈ பெஸ்கி. கண்ணாடி டம்ளர் வாங்கினா அடியில விலை ஒட்டியிருப்பாங்களே, உரிச்சா காகிதம் வந்துரும், பசை வராது. எத்தனை தடவை தேய்ச்சாலும் விரல்ல ஒட்டும். அது பெஸ்கி."

"சூப்பர்மார்க்கெட்ல காய்கறி போடற பிளாஸ்டிக் பை, வாய் திறக்காது" என்றார் கார்கோ ஆபீஸில் வேலை செய்யும் பெண்.

"அதேதான்!"

திங் மெதுவாகக் கையை உயர்த்தினார். "என் கடையில ஒரு விளக்கு இருக்கு. வாடிக்கையாளர் பார்க்கும்போது மினுக் மினுக்குன்னு அணையும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தா ஒழுங்கா எரியும்."

"திங் சார், அதைவிட நல்ல உதாரணம் என்னால சொல்ல முடியாது."

திங் காது வரைக்கும் சிவந்துபோய், அதையே நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு உம்மு ஹானி ஒவ்வொன்றாகக் கேட்டார். கொசு? பெஸ்கி. கார் கண்ணாடியில் படியும் மணல்? பெஸ்கி. கடையில் தீப்பிடித்தால்? இல்லை, இல்லை என்று ஐந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள். கட்டட முதலாளி? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"மனுஷங்களைச் சொல்லும்போது மட்டும் பார்த்துச் சொல்லணும்" என்றார் அவர். "பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையைச் சொன்னா செல்லமா எடுத்துப்பாங்க. வாடிக்கையாளரைச் சொன்னா அடுத்த ஆர்டர் வராது. இன்னொண்ணு. இந்த வார்த்தையைச் சொல்றவர் முகத்துல பாதி சிரிப்பு இருக்கும். 'அட, இது மறுபடி வந்திருச்சுப்பா' அப்படிங்கிற மாதிரி. அந்த மேனேஜர் உங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கார், லின் அக்கா. நீங்க அவர் பக்கம், அவர் உங்க பக்கம். அந்தச் சொட்டுதான் உங்க ரெண்டு பேருக்கும் எதிரி."

லின் மேய் மெயிலைத் திரும்ப வாசித்தார். அந்தச் சிரிக்கும் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

திங்குக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "நம்ம மொழியில ஜீஷோவ்னு ஒண்ணு இருக்கு, லாவ்ஷீ. கையில முள் ஏறுற மாதிரியான சிக்கல். அதுவும் பெஸ்கியா?"

"இல்லை. அதுக்கு ஆங்கிலக்காரங்களும் முள்ளைத்தான் சொல்றாங்க. தார்னி. முள் குத்தினா கையை உதறக் கூடாது, பொறுமையா எடுக்கணும். பெஸ்கிக்கு அவ்வளவு மரியாதை கிடையாது."

ஒரு சீன முள்ளும் ஆங்கில முள்ளும் ஒன்றுபோல இருந்ததில் திங்குக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

மறுநாள் லின் மேய் தானே ஹோட்டலுக்குப் போனார். குழாய் எதையும் கொண்டுபோகவில்லை. ஒரு வாஷரும் ஸ்பானரும் மட்டும். பத்து நிமிஷத்தில் சொட்டு நின்றது. மேனேஜரைப் பார்த்து, தான் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார்: "நோ மோர் பெஸ்கி ட்ரிப்." அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துக் கைகொடுத்தாராம். அடுத்த வகுப்பில் லின் மேய் அதை மூன்று தடவை நடித்துக் காட்டினார்.

அதிலிருந்து லின் மேய்க்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பார்க்கிங் பெஸ்கி. மணல் பெஸ்கி. மூக்குக் கண்ணாடியின் கயிறு பெஸ்கி. பாகிஸ்தானி லாரி டிரைவரிடம், சரக்கு இறக்கும் ஆட்களிடம், எல்லோரிடமும் சொன்னார். அவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டில் உம்மு ஹானி இதைச் சொன்னபோது ஆமிரா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"உம்மா, எங்க ஸ்கூல்ல யாருமே பெஸ்கின்னு சொல்றதில்ல. அதெல்லாம் கார்ட்டூன் வேர்ட்."

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. விடேன்."

ஜூன் வந்தது. வெயில் ஏறியது. லின் மேய் இரண்டு வகுப்புக்கு வரவில்லை. கேட்டபோது, கன்டெய்னர் வந்திருக்கிறது, குடோனில் வேலை என்று செய்தி அனுப்பினார். மூன்றாவது வகுப்புக்கு வந்தார். வரும்போதே வலித் தைலத்தின் வாடை முன்னால் வந்தது.

"நேத்து கிளினிக் போனேன்" என்றார். முகத்தில் ஒரு பெருமை. "நானே தனியாப் போனேன். யாரையும் கூப்பிடலை. டாக்டர் ஆங்கிலத்துல கேட்டார், நான் ஆங்கிலத்துல சொன்னேன். வலி எப்படி இருக்குன்னார். 'பெஸ்கி பெயின், கம் அண்ட் கோ' அப்படின்னேன். அவர் சிரிச்சார். நல்லா ஆங்கிலம் பேசறீங்கன்னார். தைலமும் மாத்திரையும் குடுத்தார்."

மற்றவர்கள் கைதட்டினார்கள். உம்மு ஹானியும் தட்டப் போனார். கை பாதியில் நின்றது. லின் மேய் பலகைக்குப் பக்கத்திலிருந்த தன் வழக்கமான நாற்காலி வரை வராமல், வாசலுக்கு அருகிலிருந்த முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏ.சி. அடிக்கிற இடத்தில் அவருடைய மேலுதட்டில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

உம்மு ஹானி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சீனத்தில் கேட்டார்.

"லின் அக்கா, ஆங்கிலம் வேண்டாம். உங்க பேச்சுலயே சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"இங்க." மார்பின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். "வலின்னு சொல்ல முடியாது. மென்."

மென். குவாங்சோவில் மழைக்கு முன்னால் காற்றே இல்லாமல் புழுங்கும்போது ஜனங்கள் வானத்தைப் பார்த்துச் சொல்கிற சொல். எல்லாக் கதவையும் சாத்திய அறையைப் போல. அங்கே அவர்கள் கட்டடத்துக் காவலாளியும் ஒருநாள் நெஞ்சில் கைவைத்து அதைத்தான் சொன்னார். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

"எப்போ வருது?"

"குடோன்ல மாடி ஏறும்போது. பாதிப் படியில நின்னுடறேன். நின்னா போயிடும். இந்த ரெண்டு நாளா சும்மா உட்கார்ந்திருந்தாலும் வருது."

"கை?"

"இடது கை கனமா இருக்கு. பெட்டி தூக்கினேனே, அதனாலதான்."

உம்மு ஹானி எழுந்தார். "திங் சார், டாக்ஸி பிடிங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"மாஃபன், மாஃபன்" என்று லின் மேய் கையை ஆட்டினார். "எதுக்கு இவ்வளவு சிரமம்? வகுப்பு முடியட்டும். நாளைக்கு நானே போறேன்."

"வகுப்பு முடிஞ்சாச்சு" என்றார் உம்மு ஹானி.

திங் எழுந்தார். ஓடிப்போய் டாக்ஸியோடு வந்தார். லின் மேயின் கடைச் சாவியை வாங்கி, ஷட்டரை இறக்கிவிட்டு, முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

எமர்ஜென்சி வாசலில் ஒரு மலையாளி நர்ஸ் கேட்டார், ஆங்கிலத்தில், என்ன செய்கிறது என்று. லின் மேய் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை. "பெஸ்..." என்று தொடங்கினார். உம்மு ஹானி அவர் கைமேல் கையை வைத்தார்.

"அந்த வார்த்தை வேண்டாம் அக்கா." பிறகு நர்ஸைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "நெஞ்சில் அழுத்தம். பாரம் வைத்தது போல. மாடி ஏறினால் வந்தது, இப்போது உட்கார்ந்திருந்தாலும் வருகிறது. இடது கை கனக்கிறது. வேர்க்கிறது. எனக்குச் சீனம் தெரியும், நான் கூடவே இருக்கிறேன்."

நர்ஸின் நடை மாறியது. அதைப் பார்த்த பிறகுதான் லின் மேய்க்குப் பயம் வந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் இதய டாக்டர் வந்தார். ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கக்கூடும், உடனே உள்ளே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அங்கேயே ஸ்டென்ட் வைத்துவிடுவோம் என்றார். நீங்கள் யார், சொந்தமா என்று கேட்டார்.

"டீச்சர்" என்றார் உம்மு ஹானி.

சம்மதப் படிவத்தில் லின் மேய்தான் கையெழுத்திட வேண்டும். உம்மு ஹானி ஒவ்வொரு வரியாகச் சீனத்தில் சொன்னார். எந்த வரியையும் சின்னதாக்கவில்லை. ஆபத்து என்று இருந்த இடத்தில் ஆபத்து என்றே சொன்னார். சில மருத்துவச் சொற்கள் தெரியவில்லை. திங் அகராதியைப் புரட்டினார். அதிலும் இல்லாததை உம்மு ஹானி டாக்டரிடம் படம் வரைந்து காட்டச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னார். லின் மேய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"குழாய்தான்" என்றார் கடைசியில். "உள்ளே சுண்ணாம்பு பிடிச்சிருக்கு."

கையெழுத்துப் போட்டார்.

லின் மேயை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே வரிசை நாற்காலியில் உம்மு ஹானியும் திங்கும் உட்கார்ந்தார்கள். வென்சோ நகரத்தில் இருந்த லின் மேயின் மகனோடு திங் போனில் பேசினார். செய்தி கிடைத்து தேராவிலிருந்து செய்கு முகம்மது வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை. கையில் மூன்று கப் கரக் டீ, ஒரு பொட்டலத்தில் சமோசா. மனைவியின் முகத்தைப் பார்த்து, டீயைக் கையில் திணித்தார்.

"குடி முதல்ல."

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன் அந்த வார்த்தையை. சும்மா சிரிச்சுச் சிரிச்சு. அவங்க அதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட வச்சிருக்காங்க. அவரும் நம்பிட்டார்."

"நீ ஈக்கும் கொசுவுக்கும்தானே சொல்லிக் குடுத்தே."

"எதுக்குச் சொல்லக் கூடாதுன்னும் சொல்லியிருக்கணும். தீப்பிடிச்சா சொல்லக் கூடாதுன்னேன். உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

செய்கு முகம்மது சமோசாப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினார். மனைவியை ஆறுதல்படுத்த வார்த்தை தேடுகிற வேளை இது அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தி சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து தொழுகை அறைக்குப் போனார். உம்மு ஹானியும் பெண்கள் பக்கம் போய்த் தொழுதுவிட்டு வந்தார். ஏழே முக்கால் மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். ஒரு அடைப்பு, எண்பத்தைந்து சதவீதம். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நல்ல வேளையாக இன்றைக்கே வந்தீர்கள் என்றார்.

மறுநாள் காலை உம்மு ஹானி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனார், உப்புக் குறைத்து, இஞ்சி போட்டு. லின் மேய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி, விரலில் கிளிப். முகம் வெளுத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க, லின் அக்கா" என்று தொடங்கினார் உம்மு ஹானி.

"எதுக்கு?"

"நான் சரியாச் சொல்லிக் குடுத்திருந்தா..."

லின் மேய் கையமர்த்தினார். பிறகு சொன்னார்:

"லாவ்ஷீ, நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத் தெரியும், அது ஈ இல்லைன்னு. முதல் நாளே தெரியும். ஆனா டாக்டர்கிட்ட மென்னுக்கு ஆங்கிலம் தேடிச் சொல்லியிருந்தா, அவர் ஆஸ்பத்திரின்னு சொல்லியிருப்பார். மகன்கிட்டச் சொல்லணும். கடையைப் பூட்டணும். யாராவது என் கூட வரணும். எல்லாருக்கும் மாஃபன். அந்த வார்த்தை கையில இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு வந்துடலாம். அதான் சொன்னேன்."

உம்மு ஹானி கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணம் நிறைந்து விளிம்பில் வழிந்தது. துடைத்தார்.

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க" என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றார் லின் மேய். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "கஞ்சியில உப்பே இல்லையே."

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் பலகையில் ஒரு மனித உருவம் வரைந்தார் உம்மு ஹானி. அழகாக வரவில்லை. தலை பெரிதாகிவிட்டது. தலையிலிருந்து பாதம் வரை, குத்துகிற வலி, எரிகிற வலி, இழுக்கிற வலி, அழுத்துகிற வலி என்று ஆங்கிலச் சொல்லையும் சீனச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் தனக்கு உள்ள நோய், சாப்பிடும் மருந்து, ஊரில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு திங் மேஜையை மடக்காமல் நின்றார். அட்டை அவர் கையில் இருந்தது. மருந்து என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"லாவ்ஷீ, ராத்திரி தூக்கம் வராததுக்கு என்ன சொல்லணும்?"

"எத்தனை நாளா?"

"மனைவி ஊருக்குத் திரும்பிப் போனதிலேர்ந்து. ஒன்றரை வருஷம்." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு மணி, மூணு மணிக்குக் கடையைத் திறந்து விளக்கு துடைப்பேன். வாட்ச்மேனுக்குப் பழகிப்போச்சு. இது பெஸ்கிதானே? சின்ன விஷயம். திரும்பத் திரும்ப வருது."

உம்மு ஹானி மார்க்கர் பேனாவை மூடினார்.

"சின்ன விஷயம் இல்லை, திங் சார். அந்தப் பையில இதைப் போடாதீங்க. அட்டையைக் குடுங்க, நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். திங் எழுதினார். எழுதி முடித்து, ஈரம் காய்வதற்காக அட்டையைச் சரவிளக்கின் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே டாக்டரிடம் போனார். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. நவம்பரில் மனைவி மூன்று மாத விசாவில் வந்தார். இப்போது பரவாயில்லை என்கிறார்.

லின் மேயை ஊருக்கு அழைத்துப்போக மகன் வந்தான். பத்து நாள் இருந்து வாதாடிப் பார்த்தான். லின் மேய் இரண்டு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு போனார். அப்படியே செப்டம்பரில் திரும்பியும் வந்துவிட்டார். குடோன் வேலைக்கு இப்போது வேறு ஆள். வகுப்பில் இப்போது பதினொரு பேர். பாதிப் பேர் கடைக்காரர்களின் மனைவிமார், மருந்துக் கடையிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் பேச வேண்டும் என்று வருகிறவர்கள். மடக்கு மேஜை போதாமல் விளக்குப் பெட்டிகளின் மேல் உட்காருகிறார்கள்.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் லின் மேயிடம் சொல்லியிருந்தார். வெயில் தணிந்ததிலிருந்து, காலை ஏழு மணிக்கு வர்சான் ஏரியைச் சுற்றி நடக்கிறார். உம்மு ஹானியும் கூடப் போகிறார், அவருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒப்பந்தம். பாதி வழியில் இருவருக்கும் மூச்சு வாங்கும். அங்கே ஒரு பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்து, தண்ணீரில் நிற்கும் நாரைகளைப் பார்த்தபடி, அன்றைக்கு என்ன சமைப்பது என்று பேசிக்கொள்வார்கள். போன வாரம் லின் மேய் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்க வந்தார். ஊற வைப்பதற்கான ஆங்கிலச் சொல் அவருக்கு வரவில்லை. கையால் தண்ணீர் ஊற்றுவது போலவும் பிழிவது போலவும் காட்டினார். உம்மு ஹானி உடனே சொல்லிக் கொடுத்துவிடவில்லை. அவராகவே தேடி எடுக்கட்டும் என்று காத்திருந்தார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் அவர்களைக் கடந்து போனார்கள். வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.